இந்தக் கார எடுக்கலாமான்னு கேட்ட மச்சானுக்கு

தலைவாக்கலைல என் வண்டி மொடல்லயே பழைய ஜப்பான் வேகன் ஒன்னு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமான்னு மச்சான் கேக்குறான். கியர் பொக்ஸ இறக்கி, க்ராங்க், அதான் என்ஜினுக்குள்ள சுத்துற தண்டு, அதோட பின்பக்கம் ஒயில் ஒழுகாமத் தடுக்குற சீல ரெண்டாந்தடவ மாத்தி என் வண்டி இப்பதான் வீடு வந்திருக்கு. அந்தச் சூட்டோடயே எழுதுறேன்.

நல்லதையும் சொல்லணும். ஆளும் மூட்டையுமா ரம்பொடை ஏத்தத்துல மொணங்காம ஏறும். மழை, பனின்னு எங்கயும் நின்னதில்ல.

ஆனா அந்த சீல்! ஒரு ரப்பர் வளையம். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல ஜெனுவின் சாமானே பெரிய விலையில்ல. அது உக்காந்திருக்கிற எடந்தான் வயித்தெரிச்சல். ப்ரொப்பெலர் ஷாஃப்ட், கியர் பொக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல்னு ஒவ்வொன்னா கழட்டினாத்தான் கண்ணுலயே படும். காசெல்லாம் கூலிக்குத்தான்.

மொதல் கராஜ்ல சீல மட்டும் மாத்திக் குடுத்தாங்க. கொஞ்ச நாள்ல, என்ஜினும் கியர் பொக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங் அடியில திரும்பவும் சொட்டு. அப்புறம் கிளட்ச் ப்ளேட்ல ஒயில் ஏறி, கினிகத்தேனை ஏத்தத்துல என்ஜின் கத்துது, வண்டி நகரல.

அடுத்துப் பாத்த மெக்கானிக் பாஸ், ஜெக்கைத் தொடுறதுக்கு முன்னாடி வால்வு கவர்ல இருந்த, என்ஜின் காத்த வெளிய விடுற பி.சி.வி. வால்வப் புடுங்கி காதுகிட்ட ஆட்டினாரு. நல்லதுன்னா உள்ள கடகடன்னு கேக்கணும். இது கசடு கட்டி ஊமையா கெடந்துச்சு. என்ஜினுக்குள்ள சேர்ற காத்துக்கு வெளிய வழியில்லேன்னா, அந்த அழுத்தம் ஒயில சீல் வழியாத்தான் தள்ளும். எத்தன புதுசு போட்டாலும் கதை அதுதான். ஃப்ளைவீலக் கழட்டினதும் க்ராங்க்ல பழைய சீல் ஒரசின எடத்துல நகத்த ஓட்டச் சொன்னாரு. மெல்லிசா ஒரு பள்ளம் தட்டுச்சு. புது சீல அந்தத் தடத்துல வைக்காம கொஞ்சம் தள்ளி உக்கார வச்சாரு. கிளட்ச் ப்ளேட், ரிலீஸ் பெயரிங் எல்லாம் கையோட மாத்தியாச்சு. இதுவரைக்கும் தரையில ஒரு சொட்டு இல்ல.

2020 மார்ச்ல நிப்பாட்டின வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரியில தனியார் வாகனங்களுக்குத் தொறந்து விட்டாங்க. அப்பவும் புதுசோட விலை நமக்கு எட்டல. அதனால பழைய வண்டிக்கெல்லாம் ராஜ மரியாதை. தலைவாக்கலைக்காரரு வாய்க்கு வந்த விலை சொல்றதும் அதாலதான்.

மச்சான், வாங்காத. மலை ஏறும், சொன்ன பேச்சு கேக்கும், எல்லாம் சரிதான். அந்தக் கூலிய நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்னோடதக் குடுக்குறியான்னும் கேக்காத, குடுக்க மாட்டேன். மீறிப் போறதுன்னா, ஓனர் முன்னாடியே அந்த வால்வப் புடுங்கி ஆட்டிப் பாரு. சத்தம் வரலேன்னா கியர் பொக்ஸ் இறக்குற கூலியக் கழிச்சுட்டு விலை பேசு.