94 உருப்படி டூல் செட்: பதினான்கு மாதம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் டூல் பெட்டியை முழுவதுமாக வெளியே கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தேன். அப்போதுதான் இத்தனை மாதத்தில் எதையெல்லாம் உண்மையில் கையில் எடுத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். 94 உருப்படியில் 23.

மோட்டார் சைக்கிள் ஒன்று, பழைய கார் ஒன்று. இரண்டையும் முடிந்தவரை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கிய முதல் செட் இது. கால் அங்குல ராட்செட், அரை அங்குல ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் பிடிகள்; அங்குலம் என்பது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு), அவற்றுக்கான சாக்கெட்டுகள் (போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் குழல்கள்), எக்ஸ்டென்ஷன், டி-ஹேண்டில், யுனிவர்சல் ஜாயின்ட், ஸ்பார்க் பிளக் கழற்ற இரண்டு சாக்கெட், ஆலன் கீ, நிறைய ஸ்க்ரூ பிட். இதே அமைப்பில் பல பெயர்களில் செட்டுகள் வருகின்றன. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பிறகு கை கால் முழுதாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. நான் தொடாத 71 உருப்படியில் முப்பதுக்கும் மேல் ஸ்க்ரூ பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் ஒரு உருப்படியாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. 4 மி.மீ., 4.5 மி.மீ. சாக்கெட்டுகளுக்கு என் இரண்டு வண்டியிலும் வேலையே இல்லை. ஆகவே 94க்கும் 108க்கும் நடுவே எதை வாங்குவது என்று குழம்பாதீர்கள். அந்தக் கூடுதல் பதினான்கும் பெரும்பாலும் பிட்டாகத்தான் இருக்கும்.

உங்கள் வண்டியில் என்ன அளவு போல்ட் இருக்கிறது என்று பாருங்கள், அது போதும். ஜப்பானிய வழக்கத்தில் செய்த வண்டிகளில் எம்6 (மரையின் விட்டம் 6 மி.மீ.) போல்ட்டின் தலை 10 மி.மீ., எம்8க்கு 12, எம்10க்கு 14, எம்12க்கு 17 என்று வரும். ஐரோப்பிய வழக்கத்தில் எம்8க்கு 13, எம்10க்கு 16 அல்லது 17, எம்12க்கு 18 அல்லது 19. என் மோட்டார் சைக்கிளில் 8, 10, 12, 14, 17 இந்த ஐந்து சாக்கெட்டே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கழற்றிவிடும். இந்த ஐந்தும் நன்றாக இருந்தால் செட் நல்ல செட்.

நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாக்கெட்டின் வாயைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? ஆறு முனை சாக்கெட் போல்ட் தலையின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை, மூலைகளுக்கு அருகே பிடிக்கும். பிடிப்பு அங்கே குறைவு. துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்தால் மூலை மழுங்கி தலை உருண்டுவிடும். உருண்டால் அப்புறம் அதைக் கழற்றுவது அரை நாள் வேலை. என் செட்டில் எல்லாமே ஆறு முனை. இதற்காகவே இதை மறுபடியும் வாங்குவேன்.

வாயின் ஓரச் சரிவையும் கவனியுங்கள். போல்ட் எளிதாக நுழையட்டும் என்று ஓரத்தைச் சரிவாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சரிவு அதிகமாக இருந்தால், தலை மெல்லிசாக உள்ள போல்ட்டில் சாக்கெட் பாதிதான் பிடிக்கும். கையில் ஒரு 10 மி.மீ. போல்ட் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. லேசாக ஆடலாம், கடகடவென்று ஆடக் கூடாது. ‘குரோம் வனேடியம்’ என்று எஃகின் வகையைப் பொறித்திருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பொறிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இனி ராட்செட். அரை அங்குல ராட்செட்டில் 72 பல். அதாவது ஒரு கிளிக்குக்கு 5 டிகிரி. 24 பல் உள்ளதில் ஒவ்வொரு தடவையும் 15 டிகிரி அசைத்தாக வேண்டும். சைலன்சருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வேலை செய்ய சுகமான ராட்செட், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாவது மாதம் அது என்னைக் காயப்படுத்தியது.

பின் சக்கரத்தின் ஆக்ஸில் நட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ராட்செட்டை மாட்டி, உடம்பு எடை முழுவதையும் போட்டுக் கீழே அழுத்தித் தள்ளினேன். நட் அசையவில்லை. ராட்செட்டுக்குள் பல் தாண்டியது. மூடிய கை அப்படியே போய், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் மோதியது. இரண்டு விரல் முட்டியில் தோல் போனது. நடுவிரல் மூன்று வாரத்துக்குச் சரியாக மடங்கவில்லை. விற்றவர் ராட்செட்டை மாற்றிக் கொடுத்தார். உத்தரவாதம் உண்டு என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தும் அதற்குப் பல தடவை எழுத வேண்டியிருந்தது.

ராட்செட்டின் மேல் குறை சொல்வதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. அதற்குள் சுமையைத் தாங்குவது ஒரு சின்ன நாக்கும், அது கவ்விப் பிடிக்கும் சில பற்களும். ஒரே அளவுத் தலைக்குள் பல் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு பல்லும் பொடிசாகிறது. இறுகிய நட்டை முதலில் அசைக்கிற வேலை அதற்குரியது அல்ல. அந்த வேலைக்கு இதே பெட்டியில் டி-ஹேண்டில் இருக்கிறது. அதற்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை, தாண்டுவதற்குப் பல்லும் இல்லை. பிரேக்கர் பார் என்கிற, பல் இல்லாத நீளமான பிடி ஒன்று தனியாக வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. இப்போது துரு கரைக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து வைக்கிறேன். காலையில் பாரை வைத்து நட்டை அசைத்துவிட்டு, மீதியை ராட்செட்டில் சுற்றி எடுக்கிறேன். ராட்செட் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. செய்யாதீர்கள். பல் தாண்டும், இல்லையென்றால் சதுர முனை முறியும்.

அன்றைக்கு நான் செய்த இன்னொரு தவறு, தள்ளியது. ஸ்பேனரானாலும் ராட்செட்டானாலும் நம் பக்கம் இழுக்க வேண்டும். வழுக்கினால் கை வெறும் காற்றில் நம்மை நோக்கித்தான் வரும். தள்ளினால் கை போகும் இடத்தில் இரும்பு இருக்கும். இடம் இல்லாமல் தள்ளியே ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையை விரித்து அதன் அடிப்பகுதியால் தள்ளுங்கள். பலம் கொடுப்பதற்கு முன், சட்டென்று இது விட்டுவிட்டால் என் கை எங்கே போகும், நான் எங்கே விழுவேன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நொடி ஆகும்.

அடுத்து, கால் அங்குல ராட்செட். சின்னதாக, அழகாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் எடுப்பது இதைத்தான். இதில் ஆபத்து வேறு மாதிரி. பிடியின் நீளம் சுமார் 15 செ.மீ. அதன் முனையில் 10 கிலோ அளவுக்கு இழுத்தால், அது பெரிய பலமே இல்லை, போல்ட்டில் ஏறும் திருகு விசை சுமார் 15 நியூட்டன் மீட்டர். சாதாரண எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. அலுமினிய உறைக்குள் போகும் எம்6 என்றால் பல வண்டிகளில் அதைவிடவும் குறைவு. “இன்னும் கொஞ்சம் டைட் வைப்போம்” என்று மணிக்கட்டைத் திருப்பினால் அலுமினியத்தில் மரை போய்விடும். என் இன்ஜின் பக்க மூடியில் ஒரு போல்ட்டுக்கு அப்படிப் போனது. புது மரை வெட்டி, உள்ளே சுருள் மரை வைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் டார்க் ரெஞ்ச், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் பிடி. இது இந்தச் செட்டில் இல்லை. வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் வகை போதும். பொதுவாக 4 சதவீதம் கூடக் குறைய இருக்கும் என்று சான்று தருவார்கள். அதன் அளவு வரம்பின் அடிமட்டத்தில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. எனவே சின்ன போல்ட்டுக்கு ஒன்று, சக்கர நட்டுக்கு ஒன்று என்று இரண்டு தேவைப்படும். கிளிக் என்றதும் நிறுத்த வேண்டும், உறுதிக்காக இன்னொரு தடவை இழுக்கக் கூடாது. குறைந்த அளவுகளில் அந்தச் சத்தம் காதுக்குக் கேட்காது, கையில்தான் தெரியும். அதனால் மெதுவாக இழுங்கள். கழற்றுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவை அதன் மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். இன்னொன்று: கையேட்டில் வேறு மாதிரி சொல்லாதவரை அந்த எண் காய்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் பட்ட மரையில் அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும்.

செட்டின் மிகப் பெரிய குறை, ஸ்பேனர் ஒன்றுகூட இல்லாததுதான். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர்கள் 8 முதல் 19 வரை கட்டாயம் தேவை. போல்ட்டை ராட்செட்டில் திருகும்போது பின்னால் நட்டைப் பிடிப்பது எதை வைத்து? செயின் அட்ஜஸ்டரின் லாக் நட்டை எதை வைத்துத் தளர்த்துவது? செட் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே இது தெரிந்துவிட்டது. இறுக்கத்தை உடைக்க ரிங் பக்கம், தளர்ந்த பிறகு வேகமாகச் சுற்றத் திறந்த பக்கம். திறந்த வாய் 15 டிகிரி சாய்ந்திருக்கும். இடம் குறைவான மூலையில் ஸ்பேனரைக் குப்புறப் போட்டுப் போட்டுத் திருப்பினால், பாதிச் சுற்று கிடைக்காத இடத்திலும் நட் நகரும்.

கூட்டல் குறி பிட்டுகளும் எனக்குத் திருப்தி தரவில்லை. ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூத் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர வகை. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் அடி வரை உட்காராது. பலம் கொடுத்தால் மேலே ஏறி வந்து தலையைப் பிய்த்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி இரண்டு தனியாக வாங்கினேன். முன்பு பிய்ந்துபோகும் என்று பயந்து விட்டுவைத்திருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் கழன்றன.

செட்டோடு சேர்த்து அன்றைக்கே வாங்க வேண்டிய பொருள், என் கருத்தில், கண்ணாடி. இஎன் 166 அல்லது ஏஎன்எஸ்ஐ இசட்87.1 தரக் குறி உள்ள பாதுகாப்புக் கண்ணாடி. காருக்கு அடியில் படுத்து மேலே பார்த்தபடி ஸ்பேனரை அசைத்தால் துருத் தூள் நேராகக் கண்ணுக்குள் விழும். சுத்தியலால் சுத்தியலையோ, கடினமான வேறு எஃகையோ அடித்தால் சில்லு தெறிக்கும். அதே காரணத்தால் இந்தப் பளபளப்பான குரோம் சாக்கெட்டுகளை இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்துத் திருகும் இயந்திரம்) போடக் கூடாது. கை வேலைக்கென்று செய்த கடினமான எஃகு, அடி தாங்காமல் வெடிக்கலாம். அதற்கென்று சுவர் தடித்த, கறுப்பு நிற குரோம் மாலிப்டினம் சாக்கெட்டுகள் தனியாக உண்டு.

காரைத் தூக்க ஜாக், தாங்க ஸ்டாண்ட். ஹைட்ராலிக் ஜாக்கின் சீல் எப்போது கசியும் என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரி கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் தவறி வண்டி உடம்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மோட்டார் சைக்கிள் செயினை இன்ஜின் ஓட கியர் போட்டுத் துடைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். துணி பல்சக்கரத்தில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சக்கரத்தைக் கையால் உருட்டியே துடையுங்கள், இதை யாரிடமும் கெஞ்சிக்கூடச் சொல்வேன்.

பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கி ஐந்தாம் மாதமே உடைந்தது, திறந்தால் பாதி சாக்கெட் கீழே கொட்டுகிறது. அளவு எண்களை ஆழமாகப் பொறிக்காததால் எண்ணெய்க் கையோடு 12க்கும் 13க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடிக்கடி எடுப்பவற்றில் பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். சாக்கெட்டுகளுக்காக மூன்று, சின்ன ராட்செட்டுக்காக அரை. உங்கள் வண்டியில் தலை நட்சத்திர வடிவில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் போல்ட்டுகள் இருந்தால், பல ஐரோப்பியக் கார்களில் உண்டு, இதை வாங்காதீர்கள். அவற்றுக்கான ஈ-வகை சாக்கெட் இந்த 94இல் ஒன்றுகூட இல்லை.