பழைய என்ஜினில் மரை போனால் ஹெலிகாயிலா, புஷ்ஷா, ஆர்கானா?

என்ஜினின் அலுமினிய ஹெட்டிலோ (சிலிண்டரின் மேல்மூடி) கிராங்க்கேஸிலோ (அடிக்கூடு) போல்ட் பிடிக்கும் மரை போய்விட்டால் பட்டறைக்குப் பட்டறை ஒரு வைத்தியம் சொல்வார்கள். பெரிய டேப் (மரை வெட்டும் கருவி) போடலாம், ஹெலிகாயில் (மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) வைக்கலாம், புஷ் (உள்ளும் புறமும் மரையுள்ள குழாய்) இறக்கலாம், ஆர்கான் வெல்டிங்கில் துளையை அடைத்துப் புதிதாக மரை வெட்டலாம். நாலுமே சரியான வேலைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் ஆகாது. துளையைச் சுற்றி எவ்வளவு உலோகம் மிச்சம், அதை எத்தனை தடவை கழற்றப் போகிறோம், அங்கே எவ்வளவு சூடு ஏறும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு முன் துளையின் ஆழத்தை ஒரு கம்பி விட்டு அளந்துவிடுங்கள். கவர் மாட்டும்போது நீள ஸ்குரூவுக்குரிய இடத்தில் குட்டை ஸ்குரூ போயிருந்தால் மேல் சுற்றுகள் மட்டும் உரிந்திருக்கும், அடியில் நல்ல மரை இருக்கும். அலுமினியத்தில் எம்6 (6 மி.மீ. விட்ட) ஸ்குரூ 9 மி.மீ.யாவது உள்ளே பிடிக்க வேண்டும். அந்த ஆழம் அடியில் இருந்தால் நீளமான ஸ்குரூவே போதும். துளைக்குள் தேங்கிய ஆயிலை மட்டும் துடைத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் ஆயிலோடு போல்ட்டை முறுக்கினால் அழுத்தம் தாங்காமல் காஸ்டிங் விரிசல் விடும்.

பெரிய டேப்தான் செலவில்லாத வழி. எம்6 துளையில் 6 மி.மீ. டிரில் விட்டு எம்7×1 (7 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ.) டேப் போட்டால் வெட்டுப்படும் உலோகம் மிகக் குறைவு. ஆனால் எம்7 போல்ட் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கவரின் துளையையும் பெரிதாக்க வேண்டும். எம்8-க்குத் தாவினால் துளையைச் சுற்றியுள்ள சுவர் மெலிந்துவிடும். சுவர் தடிமனாக இருக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கு (இரு முனையிலும் மரையுள்ள தலையில்லா போல்ட்) மட்டும் இது அருமையான வழி: அடி எம்8, மேல் எம்6 என்று லேத்தில் படி ஸ்டட் கடைந்து வாங்கினால் வெளியே பழைய நட்டே பொருந்தும்.

கவர் ஸ்குரூ துளைகளுக்கு என் ஓட்டு ஹெலிகாயிலுக்கே. எம்6-க்கு 6.3 மி.மீ. டிரில், அதற்கென்றே வரும் டேப், ஸ்டெயின்லெஸ் சுருள், அவ்வளவுதான். டிரில் சாயாமல் இறங்க டிரில் பிரஸ் இருந்தால் நல்லது. டேப்புக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சுருளைச் சுற்றும்போது கீழே அழுத்தாதீர்கள், அழுத்தினால் மரை தாவி ஏறும். கடைசிச் சுற்று மேல்பரப்புக்கு அரை மரை கீழே நிற்க வேண்டும். பிறகு சுருளின் அடியில் குறுக்காக மடிந்த நாக்கை பஞ்ச் என்னும் இரும்புக் குச்சியால் ஒரே தட்டில் உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்ப வேண்டாம். ஆயில் பக்கம் திறந்த துளையானால் உடைப்பதற்கு முன் அடியில் கிரீஸ் அப்பிய துணி வையுங்கள். வெளிவிட்டம் பெரிதாவதால் அலுமினியத்தில் பிடிமானம் கூடும், பழைய மரையைவிட இது பலம்.

ஸ்பார்க் பிளக் துளையில் கதை மாறுகிறது. யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் ஹெட்டில் 12.7 மி.மீ. நீள மரையுள்ள பிளக்குக்குப் பதில் 19 மி.மீ. பிளக்கைப் போட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து, கழற்றும்போது ஹெட்டின் மரையை உரித்துக்கொண்டு வரும். அங்கே ஹெலிகாயில் வைத்தால் அடுத்த முறை சுருளும் பிளக்கோடு சுற்றி வரலாம். சுருள் முனை உள்ளே நீட்டினால் சூடேறிச் சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். எனவே அங்கே திட புஷ்தான். டைம்-சர்ட் என்ற ரெடிமேட் புஷ்ஷில் மேலே விளிம்பு உண்டு. மாட்டும் கருவி கடைசி மரைகளை விரித்துப் பூட்டிவிடும். விளிம்பு உட்காரும் குழியை ஆழமாக வெட்டாவிட்டால் பிளக் உயர்ந்து நிற்கும். கிட் விலை கசந்தால் லேத்தில் வெளியே எம்18×1.5, உள்ளே எம்14×1.25 என்று புஷ் கடையலாம். லாக்டைட்டை (மரையைப் பூட்டும் பசை) மட்டும் நம்பாதீர்கள், சாதாரண வகை 150 டிகிரியைத் தாண்டினால் விட்டுவிடும். விளிம்பில் இரண்டு இடத்தில் பஞ்ச் குத்திப் பூட்டுங்கள். ஹெட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டும், தூள் சிலிண்டரில் விழுந்தால் பிஸ்டன் காலி.

பழைய புல்லட், பி.எஸ்.ஏ. வகையறாவில் இன்னொரு சிக்கல், அங்குல மரை. கால் அங்குல பி.எஸ்.எஃப் (பிரிட்டிஷ் நுண்மரை), சைக்கிள் மரை இரண்டிலும் அங்குலத்துக்கு 26 சுற்றுதான், ஆனால் கோணம் முன்னதில் 55, பின்னதில் 60 டிகிரி. ஒரு சுற்று 0.98 மி.மீ. வருவதால் எம்6 போல்ட்டும் சமர்த்தாக உள்ளே போகும். விட்டம் 0.35 மி.மீ. குறைவு என்பதால் மரையின் நுனியை மட்டும் பிடித்து, இறுக்கும்போது உரித்துவிடும். இந்த வண்டிகளில் பாதிக் கேடு இப்படி வந்ததே. டேப் எடுக்கும் முன் பிட்ச் கேஜ் (மரையின் இடைவெளி அளக்கும் பல் தகடு) வைத்துப் பாருங்கள். அங்குல மரைக்கும் ஹெலிகாயில் உண்டு, தேடி வாங்க வேண்டும்.

ஆர்கான் வெல்டிங் கடைசி வழி: காஸ்டிங் உடைந்திருந்தாலோ, முன்பே யாரோ கோணலாக டிரில் விட்டிருந்தாலோ மட்டும். ஆயில் ஊறிய பழைய அலுமினியம் சூடானதும் ஆயிலைக் கக்கும், வெல்டில் நுண்துளை விழும். முதலில் அடுப்பில் சுட்டு ஆயிலை வெளியேற்றி, சூட்டோடு வெல்ட் செய்ய வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ஹெட்டில் வால்வு சீட் தளரக்கூடும். வேலை முடிந்ததும் கேஸ்கெட் பரப்பைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் கோணல் பாருங்கள், பிறகே டேப் போடுங்கள்.