கருவிப்பட்டையா, தனிப் பக்கமா, தளத்தையே திருத்துவதா?

கடலூர், புதுச்சேரி பக்கம் இலவசப் பாடக் குறிப்புகளையும் உதவித்தொகை அறிவிப்புகளையும் இணையத்தில் போடும் சிறிய அறக்கட்டளைகள் உண்டு. அந்தத் தளங்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உதவும் ஓர் ஆசிரியராகவோ, வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவராகவோ இருக்கும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் தளம் பயன்பட வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவர்கள் முன் மூன்று வழிகள் வரும். கடையில் கிடைக்கும் கருவிப்பட்டையை ஒட்டுவது ஒன்று. பார்வையற்றோருக்கென்று எழுத்து மட்டும் உள்ள தனிப் பக்கம் வைப்பது இன்னொன்று. இருக்கும் தளத்தையே பக்கம் பக்கமாகத் திருத்துவது மூன்றாவது. மூன்றாவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில்தான் உழைப்பு வீணாகிறது. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கருவிப்பட்டையை ஓவர்லே என்கிறார்கள். ஒரு வரி நிரலை ஒட்டினால் போதும், மூலையில் ஒரு பட்டன் முளைக்கும். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், சிலவற்றில் ஒரு குரல் வாசிக்கவும் செய்யும். கூட்டத்தில் காட்டினால் எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஆனால் பார்வையற்ற மாணவர் தளத்துக்கு வரும்போதே தன் திரைவாசிப்பானோடுதான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளோடுதான் வருகிறார். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், இரண்டுமே இலவசம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. பட்டை புதிதாகத் தருவது மிகக் குறைவு. சில பட்டைகள் திரைவாசிப்பானின் குறுக்குவிசைகளோடு மோதி இருக்கும் வழியையும் கெடுக்கும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைய டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. எந்தத் தளத்தையும் அந்தத் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று தன் பட்டையை விளம்பரம் செய்ததற்காக, ஆக்செஸிபி என்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் உத்தரவிட்டது. ஆண்டுச் சந்தாவாக இதற்குப் போகும் பணம், பாடங்களைத் தட்டச்சு செய்ய ஒருவருக்குக் கூலி கொடுக்க உதவும்.

தனிப் பக்கம் நல்ல மனதோடு செய்யப்படுவது. அதன் கோளாறு போகப் போகத்தான் தெரியும். முதன்மைப் பக்கத்தில் புதிய வினாத்தாள் ஏறும், தனிப் பக்கத்தில் ஏறாது. விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஒன்றில் மாறும், மற்றதில் பழையதே நிற்கும். மாற்றுப் பக்கம் வைக்கலாம் என்று டபிள்யூசிஏஜியும் சொல்கிறது, ஆனால் அதே தகவல் அங்கேயும் முழுமையாக, அதே அளவுக்குப் புதிதாக இருந்தால்தான் செல்லும். ஒரு தளத்தையே ஒருவர் ஓய்வு நேரத்தில் பார்க்கும் இடத்தில் இரண்டைப் பராமரிப்பது நடக்கிற காரியமில்லை. ஒரே ஒரு சூழலில் இதற்கு என் ஓட்டு உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் சிக்னல் குறைவாக இருக்கும்போது தேர்வுத் தேதி, முகாம் இடம் போன்ற ஓர் அறிவிப்பை வெறும் எழுத்தாகப் போடுவது எல்லோருக்குமே நல்லது.

சரி, தளத்தைத் திருத்துவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தொடங்குவது? பலரும் நிறம், மெனு, பட்டன் அளவு என்று வெளித்தோற்றத்தில் தொடங்குகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து அதில் தேறாது. ஆனால் நம் தமிழ்த் தளங்களின் பெரிய நோய் அங்கே இல்லை. பாடக் கோப்புகளுக்குள் இருக்கிறது.

பழைய குறிப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் முழுவதும் ஒரு குழந்தையின் காதில் இப்படி விழுந்தால் எப்படி இருக்கும்? எந்தக் கருவிப்பட்டையாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இங்கே இன்னோர் ஒப்பீடு தேவைப்படுகிறது. பாமினியில் அடித்த மூலக் கோப்பு கையில் இருந்தால், அதை யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நொடியில் வேலை முடியும். ஆனால் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் வேதியியல் குறியீடுகளும்கூடப் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஆகவே ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும். மூலம் இல்லாமல் ஜெராக்ஸை ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் இருந்தால், படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்தான் வழி. தெளிவான அச்சில் அது நன்றாகவே படிக்கிறது. மங்கிய நகலில் புள்ளிகள் காணாமல் போகும், 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும், கணிதச் சமன்பாடு உருத்தெரியாமல் போகும். என் பரிந்துரை இது: மூலம் இருப்பதை மாற்றியில் போட்டுத் திருத்துங்கள், தெளிவான ஸ்கேனை எழுத்துணரியிடம் கொடுங்கள், மங்கலான கணிதத் தாள்களைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். திருத்தும் நேரத்தைக் கணக்கிட்டால் அதுதான் சீக்கிரம் முடியும். முடிந்த பாடத்தை மறுபடியும் பிடிஎஃப் ஆக்காமல் சாதாரண வலைப்பக்கமாகவே போடுவது நல்லது. தலைப்புக்குத் தலைப்பு தாவவும், போனில் பெரிதாக்கிப் படிக்கவும் அதில்தான் எளிது.

எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. இரண்டு தரப்புக்கும் பாடம் தரும் தளத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் கலந்து வரும். எந்தப் பகுதி எந்த மொழி என்று நிரலில் குறித்துவைத்தால்தான் வாசிப்பான் சரியான குரலுக்கு மாறும். கண்ணுக்குத் தெரியாத, செலவே இல்லாத வேலை. அதனாலேயே விட்டுப்போகிறது.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதைத் தொழில்நுட்ப ஆளிடம் விடாதீர்கள், பாட ஆசிரியரிடம் கொடுங்கள். பிச்சாவரம் படத்துக்கு 'படம் 3' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. 'அழகிய சதுப்புநிலக் காடு' என்பதும் பாடத்துக்கு உதவாது. தாவரத் தகவமைப்புப் பாடம் என்றால், 'அவிசீனியா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்கள்' என்று எழுத வேண்டும். அதே படம் முகப்பில் அலங்காரத்துக்கு இருந்தால் விளக்கத்தைக் காலியாக விடலாம், வாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

உதவித்தொகை விண்ணப்பத்தில் சொந்தப் படிவமா கூகுள் படிவமா என்ற கேள்வி வரும். பெயரிடாத கட்டங்களும், மனிதர்தானா என்று படம் காட்டிச் சோதிக்கும் கேப்ட்சாவும் உள்ள சொந்தப் படிவத்தைவிடக் கூகுள் படிவம் எவ்வளவோ மேல். சான்றிதழ் பதிவேற்றச் சொன்னால் அது ஜிமெயில் கணக்கில் நுழையச் சொல்லும். அந்த ஒன்று இடைஞ்சல். கணக்கு இல்லாதவருக்கு அஞ்சலில் அனுப்ப ஒரு முகவரி கொடுத்துவிடலாம். படிவம் ஒத்துழைக்காத மாணவர் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஆதார் எண்ணையும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் முகம் தெரியாத ஒருவரிடம் நீட்டுகிறார். தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவது அவருடைய உரிமை. அடையாளத்தை உறுதிசெய்யக் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறையை எதிர்த்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீடியோவுக்குத் தானாக உருவாகும் வசனவரிகளை அப்படியே விடக்கூடாது. கலைச்சொற்கள் சிதைந்து வரும். பேசும் ஆசிரியரிடம் எழுதிய குறிப்பு இருந்தால் அதையே வசனவரியாக ஏற்றுவது எளிது. அப்புறம், சைகை மொழியிலேயே வளர்ந்த காது கேளாத மாணவருக்கு வரிகள் மட்டும் போதாது. சிறிய அறக்கட்டளை சொந்தமாகச் சைகை மொழி வீடியோ எடுக்க வேண்டியதில்லை. பாடநூல்களை இந்திய சைகை மொழிக்குக் கொண்டுவர சிபிஎஸ்இ பள்ளிகளில் பயன்படும் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி 2020இல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தோடு ஒப்பந்தம் செய்தது. அந்த வரிசையில் வந்த வீடியோக்களில் நம் பாடத்தோடு பொருந்துவதைத் தேடி இணைப்பு கொடுக்கலாம். சிபிஎஸ்இ படிக்கும் புதுச்சேரி மாணவருக்கு நேரடியாகவே உதவும். கடலூர் மாணவருக்கு எந்தப் பாடம் எதோடு ஒத்துப்போகிறது என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

கடைசியாகச் சோதனை. தளத்தைத் தானாகச் சோதிக்கும் வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசக் கருவிகள் பட விளக்கம் இருக்கிறதா என்று சொல்லும், அது பாடத்துக்குப் பொருந்துகிறதா என்று சொல்லாது. பாமினிப் பாடத்தைக் குறையில்லை என்று விட்டுவிடவும் கூடும். அதனால் கருவியை முதல் வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, டாக்பேக்கில் பழகிய ஒரு மாணவரையும் பார்வைக் குறைவுள்ள ஒருவரையும் அழைத்து, ஒரு பாடத்தைப் படிக்கவும் ஒரு விண்ணப்பத்தை அனுப்பவும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லாதீர்கள். எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் செலவோடு அந்த அரை நாளுக்கான கூலியையும் கொடுங்கள். வடிவமைப்பாளருக்குக் கொடுக்கிறோம் அல்லவா, இதுவும் அதே தளத்துக்கான வேலைதான்.