வாட் கணக்கு எதில் சரியாக வரும்: மல்டிமீட்டரா, கிளாம்ப் மீட்டரா, ஈ.பி. மீட்டரா?

எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. அது நிஜமாக எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க மூன்று வழி உண்டு. பிளக்கை வெளியே எடுத்து, அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து மின்தடையை அளந்து, வோல்டேஜின் வர்க்கத்தை அந்தத் தடையால் வகுப்பது ஒன்று. பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போதே வயரைச் சுற்றிக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து வோல்டேஜால் பெருக்குவது இன்னொன்று. மூன்றாவதற்குக் கருவியே வேண்டாம். ஈ.பி. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணினால் போதும்.

ஒரே மாலையில் மூன்றையும் செய்து பார்த்தேன். மல்டிமீட்டரில் 53 ஓம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 53-ஆல் வகுத்தால் 998 வாட். பெட்டியில் போட்டிருப்பதோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த நேரத்தில் சாக்கெட்டில் இருந்தது 212 வோல்ட். கிளாம்ப் 3.93 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 833 வாட். ஈ.பி. மீட்டரும் அதே 833-ஐத்தான் சொன்னது. வோல்டேஜ் 8 சதவீதம் குறைந்தால் திறன் ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது, வர்க்கத்தின் வேலை அது. லோ வோல்டேஜில் கீசர் தண்ணீர் சூடாக நேரம் பிடிப்பதும் இதனால்தான். அதனால் கணக்குப் போடும்போது 230 என்று மனப்பாடமாக எழுதாமல், அந்த நேரத்து வோல்டேஜை அளந்து போடுங்கள்.

ஓம் வழி ஒழுங்காக வேலை செய்வது இஸ்திரிப் பெட்டி, கீசர், வாட்டர் ஹீட்டர் போன்ற சூடேற்றும் சாமான்களில் மட்டும்தான். அவற்றின் நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை சில சதவீதம்தான் ஏறும். (பெட்டியின் திருகு ‘ஆஃப்’பில் இருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது; திருப்பிவிட்டு அளக்க வேண்டும்.) பழைய 60 வாட் குண்டு பல்பை அதே மாதிரி அளந்தேன்: 62 ஓம். கணக்குப்படி 853 வாட்! பல்பில் கோளாறு இல்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரிக்கு மேல் போகிறது, தடை 880 ஓம் அளவுக்கு ஏறிவிடுகிறது. ஜார்ஜ் ஓம் 1827-இல் எழுதிய விதி (வோல்டேஜைத் தடையால் வகுத்தால் கரண்ட்), வெப்பநிலை மாறாத கம்பிக்குத்தான் நேராகப் பொருந்தும். ஆறிய பல்பின் தடையை வைத்து எரியும் பல்பின் வாட்டைச் சொல்ல முடியாது.

மோட்டாரில் இது இன்னும் மோசம். எங்கள் 1 எச்.பி. தண்ணி மோட்டாரின் காயில் 4 ஓம்தான். 220 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 12,100 வாட் வரும். அப்படி இழுத்தால் வீட்டு வயர் தாங்காது. ஓடும் மோட்டாரில் கரண்டை அடக்கி வைப்பது கம்பியின் தடை மட்டும் அல்ல. சுருளின் காந்தப்புலமும் சுழற்சியும் சேர்ந்து எதிர்க்கின்றன, அதை மல்டிமீட்டரின் ஓம் பார்க்கவே பார்க்காது.

சரி, கிளாம்ப் போடலாம். 6.2 ஆம்பியர், 220 வோல்ட். பெருக்கினால் 1364. இதை வாட் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஈ.பி. மீட்டர் 1092 வாட் என்கிறது. பவர் பேக்டர், அதாவது பெருக்கி வந்ததில் நிஜமான வாட்டின் பங்கு, 0.8; அதனால்தான் இந்த வித்தியாசம். மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குக் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. அதில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய்த் திரும்புகிறது. சாதா கிளாம்ப் மீட்டருக்கு அது தெரியாது. நாம் காசு கட்டுவது ஈ.பி. மீட்டர் காட்டும் வாட்டுக்குத்தான். தினம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால், கிளாம்ப் கணக்கு மாதம் 8 யூனிட் கூடுதலாகக் காட்டும்.

எண்ணும் முறை இதுதான். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-விநாடி, அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்குக்கு 1125. பத்து மினுக்குக்கு ஆன விநாடியால் 11,250-ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். மோட்டாருக்கு 10.3 விநாடி ஆனது. உங்கள் மீட்டரில் 1600 என்றோ வேறு எண்ணோ இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் மினுக்கைக் கண்டதும் ‘ஒன்று’ என்று ஆரம்பிக்கக் கூடாது, ‘பூஜ்யம்’ என்று சொல்லித்தான் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் ஒன்பது இடைவெளியைப் பத்தாகக் கணக்குப் போட்டு, பதினொரு சதவீதம் கூடிப்போகும். மற்ற எல்லாம் அணைந்திருக்க வேண்டும், பிரிட்ஜ் உட்பட. மாடியில் மோட்டார், கீழே மீட்டர் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, “போட்டாச்சா?” என்று கத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சின்ன சாமானுக்கு இந்த வழி பொறுமையைச் சோதிக்கும். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்றுக்கு இரண்டு மினுக்குக்கு நடுவில் 125 விநாடி ஆகும். அதற்கு ஒரே மாதிரிப் பத்து பல்பை ஒன்றாக எரியவிட்டு எண்ணுகிறேன்.

ஆக, பில்லுக்கான வாட் கணக்குக்கு நான் நம்புவது ஈ.பி. மீட்டரைத்தான். கிளாம்ப் வேறு இரண்டு இடத்தில் கைகொடுக்கிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் பல மடங்கு எகிறுவதை மினுக்கை எண்ணிப் பிடிக்க முடியாது. உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள கிளாம்ப் காட்டிவிடும். இன்னொன்று, கரண்ட் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. கரண்டை அளக்கக் கிளாம்ப்பை ஒரே ஒரு வயரைச் சுற்றித்தான் போட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், போன கரண்டும் திரும்பிய கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கீசரில் ஷாக் அடிக்கிற மாதிரி சந்தேகம் வந்தால் எர்த் வயரை விட்டுவிட்டு, வேண்டுமென்றே அப்படிப் பிடித்துப் பார்க்கிறேன். பூஜ்யம் வராமல் ஏதாவது காட்டினால், அவ்வளவும் எர்த்துக்கு ஒழுகுகிறது. உடனே எம்.சி.பி.யை (அந்த லைனை அணைக்கும் பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.