"பொருத்திப் பார்த்த தொகுப்பு" என்று நம்பி ஆறு மாதச் சேமிப்பை இழந்தேன்

டிரக் எஞ்சினுக்கான மாற்றுப் பாகங்களை இணையத்தில் விற்கும் ஒரு தளத்தில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு, சுருக்கமாகக் கேம்), வால்வு ஸ்பிரிங் (வால்வை மூடும் சுருள்வில்), இன்டேக் மானிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்கினேன். போனது ஆறு மாதச் சேமிப்பு. நேற்று எஞ்சினைப் பிரித்தபோது கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் கம்பிகளான புஷ்ராடுகளில் 4 வளைந்திருந்தன. கேமின் 2 மேடுகள் தேய்ந்து வழவழப்பு இழந்திருந்தன. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் நான் அவசரப்படவில்லை. என் எஞ்சினின் ராக்கர் விகிதம் (கேம் மேட்டின் உயரத்தை ராக்கர் என்ற நெம்புகோல் எத்தனை மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கிறது என்ற எண்) 1.7 என்பதையும், வண்டி பெரும்பாலும் சுமையோடு குறைந்த சுழற்சியில் ஓடுவதையும் எழுத்தில் தெரிவித்து, இந்த ஸ்பிரிங் இந்தக் கேமுக்குத் தாங்குமா என்று நேரடியாகவே கேட்டேன். "மூன்றையும் பொருத்திப் பார்த்துத்தான் விற்கிறோம், நீங்கள் எதையும் அளக்க வேண்டியதில்லை" என்று அவர்களுடைய ஆலோசகர் பதில் எழுதினார். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் செலுத்தினேன்.

பிரித்த பிறகு அளந்தபோது உண்மை தெரிந்தது. கேம் மேட்டின் உயரம் 8 மி.மீ.; அவர்கள் குறிப்பிட்டிருந்த 12.8 மி.மீ. வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் தூரம், 1.6 ராக்கருக்குப் போட்ட கணக்கு. என்னுடைய 1.7 ராக்கரில் அது 13.6 ஆகிறது. ஸ்பிரிங்கோ பொருத்திய நிலையில் 45 மி.மீ., சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்போது 32 மி.மீ.; ஆக அது அமுங்கக்கூடியது 13 மி.மீ. மட்டுமே. சுருள் முட்டுவதற்கு முன் ஏறக்குறைய 1.5 மி.மீ. இடைவெளி மிச்சமிருக்க வேண்டும் என்பது வழக்கம். அவர்கள் சொன்ன 1.6 கணக்கிலேயே மிஞ்சுவது 0.2 தான்; என் 1.7 ராக்கரில் 0.6 மி.மீ. போதாமலே போகிறது, சுருள்கள் முட்டிவிடும். கையால் சுற்றிப் பார்த்தபோது இது தெரியாமல் போனதற்குக் காரணம், கேமுக்கும் புஷ்ராடுக்கும் இடையே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர், எண்ணெய் நிரம்பாததால் அமுங்கிக்கொடுத்ததுதான். எஞ்சின் ஓடி லிஃப்டர் இறுகியதும் அந்த விசை முழுவதும் புஷ்ராடில் இறங்கியிருக்கிறது.

மானிஃபோல்டும் எனக்கு உரியதல்ல. அகலமான, குட்டையான குழாய்கள் கொண்ட அது உயர் சுழற்சிக்கானது. கேமின் டியூரேஷனும், அதாவது வால்வைத் திறந்து வைக்கும் அளவும், நீளம் என்பதால் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது. மெதுவான சுழற்சியில் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பி வெளியேறிவிடுகிறது. சுமை இழுக்க வேண்டிய இடத்தில் இழுவிசையே இல்லை. ஓடிய கொஞ்ச நேரத்திலேயே அதை உணர்ந்தேன்.

முறையிட்டபோது, பொருத்தியவரின் தவறு என்றார்கள். என் பழைய கடிதத்தையும் அவர்கள் பதிலையும் அனுப்பியதும், பயன்படுத்திய பாகங்களைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். மூன்றாம் முறை, தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்று ஒரே வரி. அதன்பின் மௌனம். ஆறு மாதச் சேமிப்புக்கு இவ்வளவுதான் மரியாதை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. தொகுப்பு என்று விற்றாலும் ஸ்பிரிங்கின் முட்டும் உயரத்தை நீங்களே அளந்துவிடுங்கள். லிஃப்ட் எந்த ராக்கர் விகிதத்துக்குச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். சோதித்துச் சுற்றும்போது அமுங்காத திட லிஃப்டர் போட்டு, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். "அளக்க வேண்டியதில்லை" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.