பழைய கிதாரா, புது கிதாரா?

கையில் பத்தாயிரம் ரூபாய் பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம், யாரும் கேள்விப்படாத பெயரில் முப்பது வருடப் பழைய கிதார். இன்னொரு பக்கம், கடையில் புது யமஹா எஃப்310.

விலை: பழையது பாதிக்கும் படியலாம். ஆனால் புதுக் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகள் தேய்ந்திருந்தால் சரிசெய்யும் கூலி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புதியதில் அந்தத் தலைவலி இல்லை.

கழுத்து: விஷயமே இங்கேதான். பழையதில் 12ஆம் ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நல்லது. நான்கைத் தாண்டினால் எஃப் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடிப்பதற்குள் விரல் கெஞ்சும். கழுத்துக்குள் இருக்கும் முறுக்கக்கூடிய கம்பியான டிரஸ் ராடு கழுத்தின் வளைவைத்தான் திருத்தும்; கழுத்தே சாய்ந்திருந்தால் கழற்றி ஒட்டவேண்டும், அந்தச் செலவில் இன்னொரு கிதாரே வாங்கலாம். அப்புறம், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்கு அடியில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா? நடையைக் கட்டுங்கள்.

ஒலி: மேல்பலகை ஒரே மரமாக இருந்தால் பழையது ஜெயிக்கும். ஒலித்துளையின் விளிம்பில் மரக்கோடுகள் தொடர்ந்து இறங்கினால் ஒட்டுப்பலகை இல்லை என்று அர்த்தம். எஃப்310 ஒட்டுப்பலகைதான்.

திரும்ப விற்பது: யமஹா சுலபம்.

முதல் கிதார் என்றால் புதியதை எடுங்கள். வாசிக்கத் தெரிந்த நண்பர் கூட வருவார் என்றால் பழையது. நானாக இருந்தால் பழையதைப் பார்க்கத்தான் போவேன், பையில் ஸ்கேலோடு.