டொமைன் பெயரை ரத்து செய்யவே முடியாது என்று சொன்னால் நம்ப வேண்டாம்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கருவாடும் கருப்பட்டியும் விற்கும் சிறு கடைக்காரர்கள் பலர் இப்போது சொந்தமாக இணையதளம் தொடங்க முனைவதால், ராமநாதபுரத்தில் இணையதளம் அமைத்துத் தரும் ஒரு கடையில் எங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். எங்கள் கருவாட்டுக் கடைக்கு டாட் காம் முகவரி (டொமைன் பெயர்) ஒன்று வேண்டுமென்று, பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்துப் பணமும் கட்டினோம். மறுநாள் வந்த ரசீதில் பெயரின் நடுவே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

அன்று மாலையே நேரில் சென்று, நாங்கள் எழுதிக் கொடுத்த தாளை ரசீதுக்கு அருகில் வைத்துக் காட்டினோம். தவறு தம்முடையது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால், "ஒரு தடவை புக் ஆகிட்டா ஐகான் ரூல்படி கேன்சல் பண்ணவே முடியாதுண்ணே" என்றார் அங்கிருந்த தம்பி. ஐகான் (ICANN) என்பது உலக அளவில் இணைய முகவரிகளுக்கு விதிகளை வகுக்கும் அமைப்பு. வற்புறுத்திக் கேட்டபோது சென்னை டீமிடம் சொல்லியிருப்பதாகவும், பிறகு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றும், அதன் பிறகு சர்வர் பிரச்சினை என்றும் நாட்களைக் கடத்தினார்கள். ஆறாம் நாள் பேச்சு அப்படியே மாறிவிட்டது: கேன்சல் செய்வதற்கான காலம் முடிந்துவிட்டதாம்! முதல் நாளில் இல்லாத காலக்கெடு ஆறாம் நாளில் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

உண்மையான விதி இதுதான். டாட் காம் போன்ற பொது முகவரிகள் புதிதாகப் பதிவான முதல் 5 நாட்களுக்குள், பெயர்களைப் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனம் அந்தப் பெயரை நீக்கிவிட்டால், அந்த வகைப் பெயர்களின் முழுப் பட்டியலையும் பராமரிக்கும் மூலப் பதிவகம் அதற்கான கட்டணத்தைப் பதிவாளரின் கணக்கில் திரும்ப வரவு வைக்கும்; டாட் காமைப் பொறுத்தவரை அந்தப் பதிவகம் வெரிசைன் நிறுவனம். ஆயிரக்கணக்கான பெயர்களைப் பதிந்து, எதற்கு வருகையாளர்கள் அதிகம் என்று பார்த்துவிட்டு மற்றவற்றை இலவசமாக நீக்கிவிடும் வேலை ஒரு காலத்தில் பெருகியதால், 2009 முதல் இதற்கு வரம்பு வந்தது: ஒரு பதிவாளரின் மாதாந்திர நிகரப் புதிய பதிவுகளில் 10 சதவீதம் அல்லது 50 பெயர்கள், இரண்டில் எது அதிகமோ அதுவரை கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த இந்த இடம் தாராளமாகப் போதும். அதே நேரத்தில், அந்தப் பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்தே தீர வேண்டும் என்று ஐகான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைத் தீர்மானிப்பது அந்தந்த நிறுவனத்தின் ஒப்பந்தம். "எங்கள் கொள்கைப்படி தர மாட்டோம்" என்றிருந்தால் அது நேர்மையான மறுப்பாக இருந்திருக்கும். ஐகான் மேல் பழியைப் போட்டு 5 நாட்களையும் கழிய விட்டதுதான் ஏமாற்று.

இன்னொன்றும் பிறகுதான் தெரியவந்தது. பதிவான 15 நாட்களுக்குள் உரிமையாளரின் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ பதிவாளர் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி எந்த அஞ்சலும் வரவில்லை. விசாரித்தால், பெயரையே தங்கள் மின்னஞ்சலில், தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள். எழுத்து சரியாக இருந்திருந்தாலும் அந்த முகவரி எங்களுடையதாக இருந்திருக்காது.

ஆகவே யாரிடம் பதிவு செய்தாலும், உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிவான அன்றே ஐகானின் தேடல் பக்கத்தில் பெயரையும் பதிவு நேரத்தையும் பாருங்கள். அங்கே காட்டுவது உலகப் பொது நேரம் என்பதால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பிழை தென்பட்டால் நேரில் அலைவதோடு நிற்காமல், தேதி பதியும்படி மின்னஞ்சலிலும் ரத்து கேளுங்கள். கடைக்காரர் பதிவாளரிடம் பெயரை வாங்கித் தரும் வெறும் மறுவிற்பனையாளராக இருந்தால் மேலே உள்ள பதிவாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நாங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டு வைத்திருந்தது இப்போது உதவுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. இதே கடையில் இதே பதிலைக் கேட்டவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்தால், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.